உடம்பில் மிச்சமிருக்கும் சீனி

கருப்பட்டி உடையவில்லை.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, குழவியால் மறுபடி ஓங்கி அடித்தாள். ஒரு சில்லு தெறித்து சிலிண்டருக்குப் பின்னால் போனது.

முன்னறையில் அவள் கணவன் பொன்னுலிங்கம், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த தன் அக்காவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளைச் சீனியை நிப்பாட்டி மூணு மாசம் ஆச்சுக்கா. ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கு. முன்னெல்லாம் எனக்குச் சுள்ளுனு கோவம் வரும்லா? இப்ப வரவே மாட்டேங்கு."

வராதுதான். ஏன் வரப்போகிறது?

விடியுமுன் எழுந்து கருப்பட்டியை உடைப்பது அவள். அதைக் காய்ச்சி, மண்ணும் ஓலைத் துணுக்கும் போக வடிகட்டுவது அவள். முதல் நாளே குதிரைவாலியில் கல் பொறுக்கி ஊறப்போட்டு, அரைத்து, தோசை சுட்டு, அவன் டப்பாவில் அடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க ஓடுவதும் அவள்தான். அவன் செய்வது ஒன்றே ஒன்று. காப்பி டம்ளரைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். 'சுறுசுறுப்பான காலை வணக்கம்.'

நோகாமல் நுங்கு தின்பவனுக்கு உடம்பு பஞ்சாகத்தான் இருக்கும்.

அவளுக்கு இரும்பாகக் கனக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கண் சொருகுகிறது. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கண்டித்தும் விட்டார்.

முந்தாநாள் பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். வெயிலில் திரும்பி நடந்து வீடு வந்து, இனிமேல் என்னால் முடியாது என்று அவனிடம் சொன்னாள்.

அவன் பரிவோடுதான் கேட்டுக்கொண்டான்.

"ஒன் ஒடம்புல இன்னும் பழைய சீனி பாக்கி இருக்கு. அது போற வரைக்கும் அசதியாத்தான் இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினாள்.

அதற்கும் அதே சீனிதான் காரணம் என்றான்.

இப்போது அதையே அக்காவிடம் சொல்கிறான்.

"அவளுக்குத்தான் இன்னும் பிடிபடல. எப்பப் பாத்தாலும் அசதி, எரிச்சல். எல்லாம் சீனி செய்யுத வேலை."

குழவியைக் கீழே வைத்தாள்.

கையைக்கூடக் கழுவவில்லை. நேராகப் போய், அவன் அக்காவான மதினிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் காப்பி நீங்க போடுங்க."

அக்காவுக்கு முன்னால் இத்தனை பேசியபின் அவன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

குழவிச் சத்தம் கேட்டது. பிறகு "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். மறுபடி குழவி. நெடுநேரம் குழவி.

பால் காயும் மணம் வந்தது.

பாலை இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் கருப்பட்டிப் பாகை ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரிந்துவிடும். மூன்று மாதமாகச் சப்புக்கொட்டிக் குடித்தவனுக்கு அது தெரியாது.

அவள் சொல்லவில்லை.

மதினிக்கும் தெரியும். மதினியும் சொல்லவில்லை.

உள்ளே கரண்டி தரையில் விழுந்தது. விழவில்லை, வீசப்பட்டது.

"சனியன் புடிச்ச பாலு! எந்நேரமா மல்லாடுதேன்! கை விட்டுப் போச்சு, கடைசில எல்லாம் திரிஞ்சு தொலைஞ்சிட்டு! மனுசன் செய்வானா இந்த வேலைய?"

மதினி அவளைப் பார்த்தாள்.

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பவில்லை. பரிவான குரலில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லங்க. ஒங்க ஒடம்புல இன்னும் பழைய சீனி பாக்கி இருக்கு."



பழக்க தோஷத்தில் அடுக்களைக்குப் போக எழுந்த மதினியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிரிட்ஜில் இன்னொரு பாக்கெட் பால் இருந்தது.