மண் மேடம் புதைக்காத ஷூ

அந்த ஷூவை அவள் புதைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் தொல்லியல் அறிமுகம் என்ற பாடத்தை நடத்துகிறவள் அவள். துறைக் கட்டடத்துக்குப் பின்னால் செங்கல் கட்டிய ஒரு குழி உண்டு. செமஸ்டர் தொடங்குமுன் உடைந்த பானை, துருப்பிடித்த பூட்டு, ஓட்டைக் கிண்ணம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு மண்ணால் மூடிவிடுவாள். மாணவர்கள் கரண்டியும் பிரஷுமாக உட்கார்ந்து வாரக்கணக்கில் தோண்டுவார்கள். அவளுக்கு மண் மேடம் என்று பெயர் வந்ததில் வியப்பில்லை.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம். எது கிடைத்தாலும், யாரோ வாழ்ந்து விட்டுப்போன பொருளாகவே அதைப் பற்றிப் பேச வேண்டும். மேடம்தான் போட்டீங்களா என்று யாரும் கேட்கக் கூடாது. அவளும் சொல்ல மாட்டாள்.

இப்போது அந்தச் சட்டம் அவள் வாயையே கட்டிப்போட்டது. ஒரு குழந்தையின் ஒற்றை ஷூவை நடுவில் வைத்துப் பிள்ளைகள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் திருதிருவென்று விழித்தபடி நின்றாள்.

"முனை மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. காலை இழுத்து நடந்த குழந்தை," என்றான் ஒருவன்.

"வார் அறுந்து தெச்சிருக்காங்க. காலை இழுத்துக்கிட்டே ஓடவும் ஓடியிருக்கு," என்றாள் இன்னொருத்தி.

யாரோ விளையாடுகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வகுப்பில் ஒரு சின்னச் சீப்பு வந்தது. பல்லிடுக்கில் மெல்லியதாக ஒரு முடி சிக்கியிருந்தது. பிரஷ் பிடித்திருந்த பெண் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அன்று அதற்கு மேல் யாரும் குழியில் இறங்கவில்லை.

அப்புறம் கதைகளுக்குக் கேட்கவா வேண்டும். அந்த இடத்தில் முன்பு சுடுகாடு இருந்ததாம். சாயங்காலம் ஆளில்லாத நேரத்தில் குழிக்குள் யாரோ மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்டதாக ஒருவன் சத்தியமே செய்தான். தோண்டும்போது மேலேயிருந்து யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். ஒவ்வொருவராகப் பாடத்தை மாற்றிக்கொண்டு, மாடியில் அவள் அறைக்கு எதிர் அறைக்குப் போனார்கள். அங்கே மானிடவியல் அறிமுகம். நடத்துகிறவர் எலும்பு சார்.

அடுத்த செமஸ்டருக்கான பாடங்களை முடிவு செய்யும் நேரம் அது. துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இன்னும் ஓரிருவர் போய்விட்டால் தொல்லியலை எடுத்துவிடுவோம் என்றார். பாடம் இல்லையென்றால் அவளும் இல்லை. அவளுடையது செமஸ்டருக்கு செமஸ்டர் நீட்டிக்கிற வேலை.

அன்றைக்கே குழியிலிருந்து பல் வந்தது.

தகர டப்பாவில், பஞ்சில் பொதிந்த ஒரு பால் பல். பக்கத்தில் யாரோ நின்று, அடுத்து என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்பது போலிருந்தது அவளுக்கு. படித்தவள், பேய் பிசாசை நம்பாதவள், அதெல்லாம் சரி. ஆனால் பயந்துவிட்டாள்.

பல்லைப் பற்றிக் கேட்க எதிர் அறையை விட்டால் வேறு ஆள் இல்லை. எலும்பு சார் கண்ணாடி போடவில்லை, லென்ஸைத் தேடவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்.

"கீழ் முன்பல். பொண்ணுக்கு ஆறு வயசு முடிஞ்சிருக்கும்."

நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரை போனவள் நின்றாள்.

"பால் பல்லைப் பார்த்து பொண்ணா பையனான்னு சொல்ல முடியாதே, சார். முதல் வருஷப் பிள்ளைகளுக்கே தெரியும்."

அவர் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். வந்ததே கோபம் அவளுக்கு. என் பிள்ளைகளை இழுத்துக்கொள்ள இப்படி ஒரு வேலையா, குழந்தைச் சாமானைப் போட்டுப் பயமுறுத்துகிறீர்களே, என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே என்று கொட்டித் தீர்த்தாள். நேரே துறைத்தலைவரிடம் போகப்போவதாகவும் சொன்னாள்.

அவர் டப்பாவை மூடி, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என் பொண்ணோடதும்மா," என்றார். "அவ போய் ரொம்ப வருஷமாச்சு. நான் பேசினா அவ அம்மா அழுவான்னு நான் பேசறதில்ல. நான் உடைஞ்சுடுவேன்னு அவளும் பேசறதில்ல. எங்க வீட்ல அவ பேரு காதுல விழுந்தே எத்தனையோ காலம் ஆச்சு. சாமானை வெச்சுப் பார்க்கவும் முடியல, தூக்கிப் போடவும் கை வரல. ஒரு நாள் அந்த ஷூவை உங்க குழியில கொண்டுவந்து போட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்தக் குழி இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"காலை இழுத்துக்கிட்டே ஓடியிருக்குன்னு உங்க பிள்ளைங்க பேசினது மேல கேட்டுச்சு. அவ அப்படித்தாம்மா ஓடுவா. அதைக் கேட்டப்புறம் என்னால நிறுத்த முடியல."

இத்தனை நேரம் கத்தியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் இனிமேல் எதையும் போட மாட்டேன் என்றார். துறைத்தலைவரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லி, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி வைப்பதாகவும் சொன்னார்.

உண்மை தெரிந்தால் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். பாடம் பிழைக்கும், அவள் வேலையும் பிழைக்கும். ஆனால் அப்புறம் அந்த ஷூவை யாரும் அப்படிக் கையிலெடுத்துப் பேச மாட்டார்கள். பாவம் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். கடைசியில் அவர்களும் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், சார்," என்றாள். "இன்னும் ஏதாவது இருந்தா கொஞ்சம் ஆழமா வைங்க. செமஸ்டர் முடிய நாள் இருக்கு."