மன்னிப்பு மட்டும் கேட்ட பக்கம்

ஒரு விண்ணப்ப இணையதளத்தில் பிழைப் பக்கம் ஒன்று இருந்தது. எது கெட்டாலும், "மன்னிக்கவும், ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும். தன் பணிவில் அதற்கு ஏகப் பெருமை.

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பூங்கோதை நான்காவது தடவையாக அந்தப் பக்கத்தின் முன் வந்து நின்றாள்.

"காரணம் எழுதிய சீட்டோடுதானே ஒவ்வொரு தடவையும் வருகிறேன். அதை ஏன் மறைக்கிறாய்?" என்றது, அவளோடு வந்த பிழை.

"நம் வீட்டு ஓட்டையை ஊருக்கே காட்டச் சொல்கிறாயா?" என்றது பக்கம்.

பிழையின் காரணத்தைத் திரையில் காட்டவென்றே எழுதப்பட்டு, மூலையில் டாலர் குறியும் இரண்டு அடைப்புக்குறிகளுமாகச் சும்மா கிடந்த குட்டி நிரல் வரி வாய் திறந்தது. "ஓட்டையைக் காட்ட வேண்டாம். சீட்டில் அவளுக்கு வேண்டியதை மட்டும் நான் படிக்கிறேன்."

பக்கம் பூங்கோதையின் கலங்கிய கண்களைப் பார்த்தது. "சரி, படி."

"நீங்கள் கொடுத்த பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு பொருந்தவில்லை."

பூங்கோதை சிரித்துவிட்டாள். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா வயதைக் கூட்டிக் கொடுத்திருந்தார். அவளோ நிஜப் பிறந்தநாளையே போட்டுக்கொண்டிருந்தாள். தேதியை மாற்றி அனுப்பினாள்.

பக்கம் காத்திருந்தது. ஐந்தாவது தடவை அவள் வரவில்லை.

"கோபித்துக்கொண்டாளோ?"

"இல்லை," என்றது பிழை. "விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அவளுக்கு நாம் வேண்டாம்."