உந்துதல்: சுருளிவேல் சித்தப்பா

ஒரு கதை யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை இப்போதெல்லாம் மின்நூலே கண்டுபிடித்துக் கடைசிப் பக்கத்தில் போட்டுவிடுகிறது. தானே எழுதித் தானே வெளியிடும் என்னைப் போன்றவனுக்கு இதைவிட வேறு வினை வேண்டாம்.

என் புதுக் கதையில், இரண்டு நாள் தங்க வரும் வேற்றுக்கிரகவாசி நான்கு மாதமாகியும் கிளம்புவதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று தினமும் குறை வேறு. கடைசிப் பக்கத்தில் ‘உந்துதல்: சுருளிவேல் சித்தப்பா, பெரியகுளம்’ என்று வந்துவிட்டது.

கதை வெளியான மூன்றாம் நாள் காலை சித்தப்பாவே வாசலில் வந்து நின்றார்.

“மன்னிச்சிருங்க சித்தப்பா, தெரியாம எழுதிட்டேன்.”

“எதுக்குடா மன்னிப்பு? தெருவுக்கே படிச்சுக் காட்டிட்டேன்,” என்றவர், பெரிய பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். “ரெண்டாம் பாகத்துக்கு உனக்கு விஷயம் வேணாமா?”