காபி குடிக்கப் போனவள்

“அவங்க காபி குடிக்கப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க.”

காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது.

பக்கத்து ஸ்டால்காரர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பெருத்த உடம்பு, சிரித்த முகம். “காபியா சார்? இல்ல, காபித் தோட்டமே வாங்கப் போயிட்டாங்களா?”

அவனும் சிரித்து வைத்தான்.

மண்டபத்தில் எள் போட்டால் எண்ணெயாக விழும் கூட்டம். அவன் ஸ்டாலில் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தைக் கூட்டியிருந்தது திறமூல மென்பொருள் செய்யும் ஒரு பெரிய கம்பெனி. அந்த மென்பொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுவிப் பராமரிக்கிற சின்னக் கம்பெனிகளை வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு மாநாடு நடத்தும். மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பார்ட்னர் என்று பெயர் போட்டுக்கொள்ளத்தான் ஆயிரம் கண்டிப்பு. அவர்கள் வைக்கும் தேர்வில் தேறியவர்கள் இரண்டு பேராவது இருந்தாக வேண்டும். இந்த வருஷம் புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இரண்டு பேரும் நேரில் வந்து தலைகாட்ட வேண்டும்.

ஒரு தலை குறைந்தாலும் பார்ட்னர் பட்டியலிலிருந்து கம்பெனிப் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவன் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தான். அவன், அவன் மனைவி. கம்பெனிக்குப் பெயர் வைத்தவள் அவள். வேறு எது போனாலும் போகட்டும், அந்தப் பெயர் போகக்கூடாது.

மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன் உட்கார்ந்திருந்தான். மற்றதில் அவளுடைய அடையாள அட்டை கிடந்தது.

யாராவது அந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போக வந்தால், “ஆள் இருக்குங்க” என்பான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாநாட்டுக்காரப் பெண் கையில் டேப்லெட்டோடு வந்து நின்றாள்.

“சார், இன்னொருத்தர் எங்க? நான் வர்றது இது மூணாவது தடவை. ஆளைப் பார்த்துட்டுத்தான் நான் டிக் போடணும்.”

“காபி…” என்று ஆரம்பித்தான்.

“நானும் அவங்களைப் பார்க்கத்தான் நிக்கிறேன்” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஒல்லியான மனிதர், தோளில் பயணப் பை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவராம். விடியுமுன்னே பஸ் ஏறியவராம்.

“நீங்க மாமாதானே? அக்கா வீட்டுக்காரர்? பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டேன்.” அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “போன வாரம் எங்க சர்வர் படுத்துடுச்சும்மா. கப்பலெல்லாம் வெளியில நிக்குது, மேலதிகாரி என் தலைமேல நிக்கிறாரு. நெட்ல உங்க உதவிப் பக்கத்துல எழுதிப் போட்டேன். அக்காதான் கூடவே இருந்து, இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு எழுதி எழுதியே எழுப்பி உட்கார வச்சாங்க. இங்க பாரு.”

செல்போனை நீட்டினார். அவள் பெயர், அவள் படம், கீழே வரிசையாகப் பதில்கள். தேதி போன செவ்வாய்.

அந்தப் பெண்ணுக்கும் கால் வலித்திருக்க வேண்டும். “சரி, கூட்டத்துல எங்கயோ மாட்டிக்கிட்டாங்கபோல” என்று இரண்டு பெயருக்கும் டிக் போட்டுவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தாள்.

பெயர் பிழைத்தது. அவனுக்குத்தான் சந்தோஷப்படத் தெரியவில்லை.

துறைமுகக்காரர் உட்கார இடம் தேடினார். அவன் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தான் நின்றுகொண்டான்.

“ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே மாமா? அக்கா முன்னெல்லாம் எங்களைக் கிழி கிழின்னு கிழிப்பாங்க. ‘பேக்கப் எடுக்காம என் முகத்துலயே முழிக்காதே’ம்பாங்க. திட்டு வாங்கறதுக்குன்னே சில பேர் கேள்வி கேப்போம். இப்ப ரெண்டு வருஷமா ஒரு அதட்டல் கிடையாது. ரொம்பப் பொறுமை. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. உடம்புக்கு ஏதாவதா?”

அவன் மேசைமேல் இருந்த விளம்பரத் தாள்களை அடுக்கினான். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினான்.

“வயசாகுது இல்லீங்களா” என்றான்.

அவர் வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அரை மனதாக எழுந்தார்.

“நான் வந்தேன்னு மறக்காம சொல்லுங்க மாமா.”

“சொல்றேன்.”

அவர் தலை கூட்டத்தில் மறைந்த கொஞ்ச நேரத்தில் அவன் சட்டைப் பையில் ஒரு செல்போன் அதிர்ந்தது. அவனுடையது மேசைமேல் சும்மா கிடந்தது.

எடுத்துப் பார்த்தான்.

‘அக்கா, உங்க ஸ்டாலுக்கு வந்தேன். உங்களைப் பார்க்கக் குடுத்து வைக்கலை. மாமா பாவம், காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலைபோல. சீக்கிரம் போய் அவரைப் பாருங்க.’

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவள் கண்ணை மூடிய மறுநாளும் இந்தச் செல்போன் இப்படித்தான் அதிர்ந்தது. எங்கேயோ யாரோ ஒருவர், அவசரம் என்று எழுதியிருந்தார். ஒரு மனிதர் காத்திருக்கிறாரே என்று அவனே பதில் போட்டான். நன்றி அக்கா, என்று வந்தது. அவன் திருத்தவில்லை.

‘சரி தம்பி, ரொம்ப நன்றி’ என்று இப்போது எழுதினான்.

அழித்தான்.

மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவில் கண்ணை மூடி, அவள் குரல் வரும்வரை நின்றான். பிறகு விறுவிறுவென்று எழுதினான்.

‘அறிவிருக்கா உனக்கு? வேலையைப் போட்டுட்டு பஸ் ஏறி வரச்சொல்லி இப்ப யார் அழுதா? ஊருக்குப் போனதும் முதல் வேலையா பேக்கப் எடு. உங்க மாமாவை நான் பார்த்துக்கறேன்.’

அனுப்புவதற்கு முன், கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தான்.