வெர்லின் கேட்ட இரண்டு பேட்டரி

ஒரு பேட்டரியை எங்கே வைப்பது என்று மூன்று பேர் பதினாலு மாதம் பேசுவார்களா? பேசினார்கள். நான் நாலாவது ஆளாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

வண்டி வெர்லினுடையது. 1932-ஆம் வருடத்துப் பழைய கார். கூரையைத் தாழ்த்தி, எஞ்சின் மூடியைக் கழற்றி எறிந்து, உள்ளே அசுர எஞ்சினை ஏற்றி, முப்பது வருடமாகத் தன் ஷெட்டில் கட்டியது. பேட்டரி மட்டும்தான் பாக்கி. அது ஏறினால் ஜூலை நாலாம் தேதி அமெரிக்க சுதந்திர தின ஊர்வலத்தில் வண்டி போகும். எழுபத்தாறு வயதில் அவருக்கு வேறு ஆசை கிடையாது.

சனிக்கிழமை காலையில் அவருடைய கூட்டாளிகள் டெல்பர்ட்டும் லாய்டும் டோனட் பெட்டியோடு வந்துவிடுவார்கள். பேட்டரி அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதை வண்டிக்குள் இங்கேயும் அங்கேயும் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பெட்டி நைந்து போய், இது மூன்றாவது.

"எஞ்சின் பக்கத்துல வைங்க" என்றேன், போன முதல் நாளே.

"மூடி இல்லாத வண்டி தம்பி. பேட்டரி வெளிய தெரிஞ்சா கான்சாஸ் மாநிலமே சிரிக்கும்" என்றார் லாய்ட். எனக்கு அறுபத்தாறு வயது.

"அப்போ டிக்கியில."

"டிக்கியிலேர்ந்து மின்சாரம் எஞ்சினுக்கு நடந்து வரதுக்குள்ள களைச்சுப் போயிடும்" என்றார் டெல்பர்ட்.

நாற்பது வருடம் மின்கம்பம் ஏறியவன் நான். என்னிடமே சொன்னார்.

"ஓட்டற சீட்டுக்குப் பக்கத்து சீட்டு. அதுக்கு அடியில."

அதுதான் முறையும்கூட. ஓட்டுகிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், பேட்டரியை மறுபக்கம் வைத்து எடையைச் சரிக்கட்டுவார்கள். அதிலும் வெர்லின் இருநூற்று அறுபது பவுண்டு.

"அங்க வச்சா, ஊர்வலத்துல குழந்தைங்களுக்கு வீசற மிட்டாயை எங்க வைக்கிறது?" என்றார் லாய்ட்.

வெர்லின் அதுவரை பேசாமல் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பைக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு ஊற்றுவார். கண்ணராவிப் பழக்கம்.

"நான் எப்பவும் சொல்றதுதான். ரெண்டு பேட்டரி. ரெண்டும் ஓட்டற சீட்டுக்கு அடியில" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒன்றே போதும். இரண்டு எதற்கு? அதுவும் இவர் உட்காரும் பக்கத்திலேயே வைத்தால் வண்டி ஒருபக்கமாகப் படுத்துக்கொள்ளாதா? பிடிவாதக்காரக் கிழவரும், அவருக்கு ஜால்ரா போடும் இரண்டு வெட்டி ஆபீசர்களும் என்று முடிவு கட்டினேன்.

"நாளைக்கே நான் மாட்டித் தரேன். ஒரு மணி நேர வேலை."

டெல்பர்ட் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"வாயை மூடிட்டு டோனட் தின்னத் தெரியாதா உனக்கு? அவனுக்குக் கண்ணு போயிட்டிருக்குப்பா. நேர பார்த்தா நடுவுல ஒரே இருட்டு. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னுட்டார். அவன் என்னமோ எங்களுக்குத் தெரியாதுன்னு மறைக்கிறான். அவன் பொண்டாட்டி ஆர்லீன்தான் எங்ககிட்ட வந்து அழுதா."

"அதனால?"

"பேட்டரி ஏறின அன்னிக்கே ஓட்டுவான். ஊர்வலத்துல ரெண்டு பக்கமும் குழந்தைங்க. அதான் எந்த இடம் சொன்னாலும் நொட்டை சொல்றோம். நல்லவேளை, அவனே ஒரு கிறுக்குத்தனமான இடத்தைப் பிடிச்சிட்டுத் தொங்கறான்."

"அவர்கிட்டயே நேர சொல்லிடலாமே?"

"முப்பது வருஷமா அவன்கூட சேர்ந்து கட்டியிருக்கேன். ஸ்டியரிங்கை ஒரு நாள் தொட விட்டதில்ல. அவன்கிட்டப் போய் நீ ஓட்டாதேன்னு சொல்லணும். நீ சொல்றியா?"

அந்த விரல் ஏன் கோப்பைக்குள் போனது என்று அப்போதுதான் புரிந்தது. அவரைக் கேலியாக நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானும் ஒரு நொட்டையோடு போனேன். டிக்கியில் பேட்டரி வைத்தால் இடி தேடி வந்து விழும் என்றேன். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. இன்னும் ஒரு வாரம் ஓட்டிவிட்டால் போதும். ஆனால் மூன்று பேரிடமும் நொட்டைச் சரக்கு தீர்ந்துவிட்டது. பேச்சை எப்படியாவது வளர்த்தாக வேண்டும்.

"ஏன் வெர்லின், ரெண்டு பேட்டரின்னு ஏன் சொல்றீங்க? அதுவும் ஏன் ஓட்டற சீட்டுக்கு அடியில?"

டெல்பர்ட் என் காலை மிதித்தார்.

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதினாலு மாசத்துல இன்னிக்குத்தான் ஒருத்தன் ஏன்னு கேக்கறான். கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். நானா வாயைத் திறக்க மனசு வரலை."

சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். நீட்டிய பக்கம் யாரும் இல்லை.

"டெல்பர்ட், எங்கடா நிக்கறே? ஏதாவது பேசு, கையில குடுக்கறேன்."

"இங்கதான்டா. எனக்கு எதுக்கு சாவி?" என்றார் டெல்பர்ட்.

"ஊர்வலத்துல நீதான் ஓட்டறே. மிட்டாய்ப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு நான் பக்கத்து சீட்டு. நீ நூத்தி எண்பது பவுண்டு, நான் இருநூத்தி அறுபது. உன் பக்கம் குறையற எண்பதுக்கு, நாற்பது பவுண்டு பேட்டரி ரெண்டு வைக்காம வேற என்னத்தடா வைக்கிறது?"