கிண்ணத்தின் மறுபக்கம்

நற்கருணையில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய்வைத்துக் குடிக்க வேண்டும் என்று முந்நூறு பக்கம் எழுதியவர் மிஷனரி வில்மட் ஐயர். சபையார் குடித்து மிஞ்சும் திராட்சரசத்தை அவரே குடித்து முடிப்பது வழக்கம். அந்த ஞாயிறு கடைசியாகக் குடித்தவள் தோல் பதனிடும் ஞானப்பூ. கிண்ணம் திரும்பி வந்ததும் ஐயரின் கை தன்னால் அதை மறுபக்கம் திருப்பியது. அவள் வாய் படாத இடத்தில் குடித்தார். நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் முழுக்க அவருக்கு ஜெபம் வாயில் வரவில்லை. மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த ஞாயிறு வந்தார். ஞானப்பூ முழங்காலிட்டுக் கிண்ணத்தை வாங்கினாள். உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

“வாய் வைக்கல, ஐயரே,” என்றாள், மோவாயைத் துடைத்தபடி. “கூசாம குடிங்க.”