சைக்கிளில் வந்த பள்ளிக்கூடம்

“சயாமுக்குப் போன அப்பாவுக்குக் கடுதாசி எழுத எத்தன எழுத்து தெரிஞ்சா போதும், வாத்தியாரய்யா?”

குணவதி இப்படிக் கேட்டதும் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எர்னஸ்ட் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“எல்லா எழுத்தும் வேணும், கண்ணு. அவசரப்பட்டா அரைகுறையாப் போயிடும்.”

“அப்ப இன்னிக்குக் கூட நாலு எழுத்து சேத்துச் சொல்லிக் குடுங்க. நீங்கதான் வாரத்துல ஒருநாள் வர்றீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். குணவதியின் தாய் ராக்காயி மட்டும் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன ஆண்களில் அவள் கணவன் தர்மலிங்கமும் ஒருவன்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் எங்கிருந்தோ எர்னஸ்ட் வந்தார். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களைச் சுற்ற ஆரம்பித்தார். அவரிடம் இருந்தது ஒரே பாடப்புத்தகம். அதைத் தாள் தாளாகப் பிரித்து, சாக்குத்துணியில் ரப்பர் பால் தடவி ஒட்டியிருந்தார். ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் படித்து முடித்த பக்கம் அடுத்த வாரம் இன்னொரு தோட்டத்துக்குப் போகும்.

இன்று அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். முன்சக்கரத்தில் டயர் இல்லை. பதிலுக்குச் சுற்றிய கயிறும் செம்மண் ரோட்டில் பிய்ந்து தொங்கியது.

“இத்தன ரப்பர் மரத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு ஒரு டயருக்கு வழியில்லலா!” என்று பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“மத்த தோட்டத்துக்கு நடந்தே போயிடுவேம்மா. இங்கதான்... ஆத்தத் தாண்டி இவ்வளவு தூரம் பெட்டியச் சுமக்க ஒடம்பு எடங்கொடுக்கல. அடுத்த வாரம் வர்றது கஷ்டம்.”

பிள்ளைகளின் முகம் வாடியது. பாப்பம்மா கூடையை இடுப்பில் ஏற்றினாள்.

“அதெப்படி வராமப் போவீங்க? கோலா கெடா படகுக்காரனுங்ககிட்ட டயரு இருக்காம். ஜப்பான் நோட்டத் தொடமாட்டானுங்க, பண்டமாக் கேப்பானுங்க. நான் வீடு வீடா வாங்கிக்கிட்டு வரேன்.”

மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்த லயம் அது. ஆனாலும் கதவுகள் திறந்தன. ஒருத்தி தீபாவளிக்கென்று ஒளித்து வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கொடுத்தாள். இன்னொருத்தி கட்டாத சேலையைக் கொடுத்தாள். இருளப்பன் தன் ஒரே சேவலைக் கால்கட்டிக் கூடையில் போட்டான்.

“நான் கைநாட்டு, அக்கா. என் சேவலாவது பள்ளிக்கூடத்துக்கு ஒதவட்டும்.”

கொடுத்தவர்களில் யாரும் அன்று வயிறாரச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். ஆண்டவன் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

“இதுக்கு அர டயருதான் குடுப்பான்,” என்று இருளப்பன் உதட்டைப் பிதுக்கினான்.

பாப்பம்மாவின் பார்வை ராக்காயியின் வீட்டுக்குள் போனது. அங்கே கூரையில் தர்மலிங்கத்தின் சைக்கிள் சாக்குப் போர்த்தித் தொங்கியது. இரண்டு டயரும் நன்றாக இருந்தன.

“ஏண்டி ராக்காயி, தொங்குற சைக்கிளுக்கு டயரு எதுக்கு?”

ராக்காயி குணவதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவரு வந்து கேட்டா நான் என்னக்கா பதில் சொல்வேன்?”

“ஊரே வயித்தக் கட்டிக் குடுக்குது. உம்மவளுக்கும் சேத்துத்தான இந்தப் படிப்பு! ஒனக்கு மட்டும் மனசு கல்லாப் போச்சா?”

எர்னஸ்ட் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“அவங்கள விட்டுடுங்கம்மா. அது ஆளு வந்து எடுக்கவேண்டிய சாமான். ஆண்டவர் வேற வழி காட்டுவாரு.”

அவர் சைக்கிளை ராக்காயி வீட்டுப் பின்சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு பழைய பள்ளிக்கொட்டகைக்குப் போனார். பாப்பம்மா முணுமுணுத்தபடி இருளப்பனைக் கூட்டிக்கொண்டு மேல் லயத்துக்குக் கிளம்பினாள். மற்றவர்கள் கிழங்குக் கொல்லைக்குப் போய்விட்டார்கள்.

கொட்டகையிலிருந்து பிள்ளைகளின் குரல் கேட்க ஆரம்பித்தது. அதில் குணவதியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

ராக்காயி கதவைச் சாத்தினாள். சைக்கிளை இறக்கி, கணவனின் திருகுசாவியால் முன்சக்கரத்தைக் கழற்றினாள். வீட்டின் பின்பக்கம் போய் அதை வாத்தியாரின் சைக்கிளில் மாட்டி முடுக்கினாள். கயிற்றுச் சக்கரத்தைத் தன் வீட்டுச் சைக்கிளில் பொருத்தி, மறுபடியும் கூரையில் ஏற்றி, மகள் கண்ணில் படாதபடி சாக்கை இழுத்து மூடினாள்.

சயாமிலிருந்து தப்பி வந்து கரங்கான் ஊரில் ஒளிந்திருக்கும் ஒருவன் போன மாதமே அவளிடம் சொல்லியிருந்தான்: “வாந்திபேதியில செத்தவங்கள எல்லாம் குழியில தள்ளிட்டாங்க, தங்கச்சி, ஒம் புருசன மட்டும் எர்னஸ்ட்னு சிலுவ போட்ட ஒரு வேதக்கார வாத்தியாரு தோள்ல சுமந்துக்கிட்டுப் போயி, மகன் எடத்துல நின்னு கொள்ளி வச்சாரு.”

எர்னஸ்ட் இதுவரை அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பாடம் முடிந்து வரும் பிள்ளைக்காக நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு ராக்காயி அடுப்பை மூட்டினாள்.